பெயர் யாருக்குச் சொந்தம்? அரசியலும் ஆடுகளமும் வணிகர்க்குக் கற்பிப்பவை

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளத்தில் மளிகைக் கடை நடத்திவந்த பெரியவர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். "வாத்தியார் தம்பி, கடைக்கு நல்ல தமிழ்ப் பேரா ஒண்ணு எழுதிக் கொடுங்க" என்பது அவர் வேண்டுகோள். அப்போதுதான் ஆசிரியப் பணியில் சேர்ந்திருந்த நாம், நான்கு சொற்கள் கொண்ட பெயர் ஒன்றை ஆக்கிக் கொடுத்தோம். வல்லினம் மிகும் இடம், மிகா இடம் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்த பெயர் அது. பெரியவர் பணம் செலவிட்டுப் பலகை எழுதி மாட்டினார். ஆயினும் அவ்வட்டாரத்தில் எவரும் அப்பெயரை ஒருமுறையேனும் சொல்லி நாம் கேட்டதில்லை. கடையின் முகப்பில் வண்ண வண்ணப் பிளாஸ்டிக் வாளிகள் தொங்கிக்கொண்டிருந்தமையால் தமிழர் அதனை 'வாளிக் கடை' என்றனர். மலாய்க்காரர் 'கெடாய் பால்டி' என்றனர். ('கெடாய்' என்பதே நம் 'கடை'தான் என்பதை மாணவர்கள் அறிந்திருப்பர்.)

சென்ற ஆண்டு அப்பெரியவரின் மகன் எம் இல்லத்திற்கு வந்தார். எம்மிடம் உயர்நிலை வகுப்பில் பயின்றவர். தந்தை காலமானபின் கடையை ஏற்று நடத்துகிறவர். கடையைப் புதுப்பித்து இணையவழி விற்பனையும் தொடங்கவிருப்பதாகச் சொன்னார். "சார், பேரையும் மாத்திடலாம்னு இருக்கேன். நீங்கதான் அப்பாவுக்கு வெச்சுக் கொடுத்தீங்க. இப்ப என்ன வைக்கலாம்?" என்று கேட்டார்.

முதன்முறை வைத்த பெயர் என்ன ஆயிற்று என்பதை அறிந்தவராதலின் நாம் உடனே விடை கூறவில்லை. வணிகப்பெயர் என்றும் பிராண்ட் என்றும் இன்று பேசப்படுவது, மொழியியல் நோக்கில், ஒரு பெயர்ச்சொல்லின் வாழ்க்கை வரலாறே ஆகும். பெயரை இடுபவர் ஒருவர். அதனை ஆள்பவர் பலர். பதிவேட்டில் அப்பெயர் இட்டவர்க்குச் சொந்தம். வழக்கிலோ ஆள்பவர்க்கே சொந்தம். இவ்விரு உரிமைகளும் மோதும்போது என்ன நிகழும் என்பதை அறிய விளம்பர நிறுவனங்களின் கையேடுகளைவிட நல்ல சான்றுகள் உள்ளன. கட்சிகளும் அரசாங்கங்களும் விளையாட்டு அணிகளும் பல்லாயிரம், சில வேளை பல கோடி, மக்களின் நாவில் இச்சோதனையை நடத்திப் பார்த்திருக்கின்றன.

தேக்காவின் பாடம்

நன்னூல் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுப்பதை நாம் வகுப்பறையில் கற்பிக்கிறோம். மரம், மண் என்பன இடுகுறி. நாற்காலி, பறவை என்பன காரணம். மாணவர் இதனைத் தேர்வுக்காக மனனம் செய்து மறந்துவிடுகின்றனர். உண்மையில் இஃது ஓர் உயிருள்ள பகுப்பு. காரணத்தோடு பிறக்கும் பெயர் நாளடைவில் அக்காரணத்தை இழந்து இடுகுறிபோல் நிலைபெறுவதுண்டு. வணிகப்பெயர் ஒன்று வேரூன்றியது என்பதற்கு அதுவே அடையாளம். காரணம் மறைந்த பின்னும் பெயர் நிற்குமாயின் அது மக்களின் உடைமை ஆகிவிட்டது என்பது பொருள்.

சிங்கப்பூரில் இதற்குத் தேக்காவைவிடச் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை. சிராங்கூன் சாலைச் சந்தைக்கு முன்னர் 'கண்டாங் கெர்பாவ்' என்பது பெயர்; மலாய் மொழியில் எருமைத் தொழுவம் என்று பொருள்படும். அப்பகுதியில் கால்நடை வளர்ப்பு இருந்த காலத்துக் காரணப்பெயர் அது. ஹொக்கியன் சீனர் அவ்விடத்தைச் சிறுமூங்கில்களின் அடிப்பகுதி என்னும் பொருளில் வேறொரு பெயரால் வழங்கினர். அது சுருங்கித் 'தேக்கா' ஆயிற்று. எருமையும் போயிற்று, மூங்கிலும் போயிற்று. தேக்கா நின்றது. ஹொக்கியன் அறியாத தமிழரும் மலாய்க்காரரும் அச்சொல்லைத் தம் சொல்லாகவே கொண்டனர். எம் மாணவர் ஒருவர் ஒருகால் அங்கே தேக்கு மரங்கள் நின்றிருக்க வேண்டும் என்று கட்டுரையில் விளக்கமே எழுதியிருந்தார்! பொருள் தெரியாத சொல்லுக்குத் தம் மொழியிலேயே பொருள் காண முயல்வது, அச்சொல்லை ஒரு சமூகம் தத்தெடுத்துக்கொண்டது என்பதற்குரிய அறிகுறி.

1982-இல் பழைய சந்தை இடிக்கப்பட்டுச் சாலையின் எதிர்ப்புறத்தில் புதிய கட்டடம் எழுந்தது. சீனப் பெயர்களை மாண்டரின் ஒலிப்பில் எழுதும் கொள்கை நடப்பிலிருந்த காலம் அது. எனவே அதே மூங்கிலடி மாண்டரினில் 'சூச்சியாவ்' என்று ஒலிக்கப்பட்டு, கட்டடத்தின் பெயராகப் பொறிக்கப்பட்டது. பொருள் அளவில் எம்மாற்றமும் இல்லை என்பதைக் கருதுக. சீன எழுத்தும் அதுவே, மூங்கிலும் அதுவே. மாறியது ஒலி ஒன்றுதான். ஆனால் காய்கறி வாங்கச் செல்லும் தமிழ்ப் பெண்மணிக்கு அவ்வொலியே பெயர், எழுத்தன்று. பலகை ஒன்று சொல்ல, மக்கள் வேறொன்று சொல்லிக்கொண்டு பல ஆண்டுகள் கழிந்தன. 2000-ஆம் ஆண்டில் அக்கட்டடத்திற்குத் 'தேக்கா நிலையம்' என்ற பெயர் அதிகாரபூர்வமாகச் சூட்டப்பட்டது. நிர்வாகம் பிடிவாதம் காட்டாமல் வழக்கினை ஏற்றமை பாராட்டத்தக்கது. பெயரின் 'பொருளை' மட்டும் காத்துவிட்டால் போதும் என்று கருதும் நிறுவனங்கள் இந்நிகழ்வினை நினைவிற்கொள்வது நலம்.

இதன் மறுதலையும் உண்டு. ஃபெடரல் எக்ஸ்பிரஸ் என்னும் அமெரிக்கத் தூதஞ்சல் நிறுவனத்தை வாடிக்கையாளர் 'ஃபெட்எக்ஸ்' என்று சுருக்கி வழங்கினர். 1994-இல் நிறுவனம் அச்சுருக்கத்தையே தன் பெயராக முன்னிறுத்தியது. ஆஸ்திரேலியர் மெக்டோனால்ட்ஸ் உணவகத்தை 'மெக்காஸ்' என்று செல்லமாக அழைப்பர். 2013-இல் அங்குச் சில கிளைகளின் பெயர்ப்பலகைகளிலேயே அச்சொல் ஏறிற்று. மக்கள் முன்னரே மாற்றிவிட்டதைப் பலகை பின்தொடர்ந்தது, அவ்வளவே.

கழகங்களும் முழக்கவரிகளும்

பெயர் வைக்கும் கலையில் தமிழ்நாட்டு அரசியலுக்கு நிகரான பள்ளி வேறு உண்டா என்பது ஐயமே. 1916-இல் தோன்றிய தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தை நினைத்துப் பாருங்கள். நிறுவியோர் இட்ட பெயர் அது. அவர்களது ஆங்கில நாளிதழின் பெயர் 'ஜஸ்டிஸ்'. மக்கள் நீண்ட பெயரை ஒதுக்கிவிட்டு, இதழின் பெயரால் கட்சியை 'ஜஸ்டிஸ் கட்சி' என்றனர். அது தமிழில் 'நீதிக்கட்சி' ஆயிற்று. இக்காலச் சொல்லில் கூறுவதாயின், நிறுவனத்தின் பெயரை அதன் விற்பனைப் பொருளின் பெயர் விழுங்கிவிட்டது.

1944-ஆம் ஆண்டு சேலம் மாநாட்டில் அது 'திராவிடர் கழகம்' ஆயிற்று. ஐந்தாண்டுகள் கழித்து, 1949 செப்டம்பர் 17 அன்று, அண்ணாவும் அவருடன் பிரிந்தோரும் 'திராவிட முன்னேற்றக் கழகம்' கண்டனர். இலக்கணம் கற்பவர் இங்கே சற்று நிற்க வேண்டும். 'திராவிடர்' என்பது மக்களைக் குறிக்கும் பலர்பாற் பெயர். 'திராவிட' என்பது அடைமொழி. ஓர் எழுத்து, 'ர்', நீங்கியது. அதனால் கழகம் இன்ன இனத்தாரின் கூட்டம் என்ற பொருள் நெகிழ்ந்து, நிலத்தோடும் கொள்கையோடும் தொடர்புடையது என்ற பொருளுக்கு இடம் உண்டாயிற்று. 'முன்னேற்றம்' என்ற ஒரு சொல் இடையே புகுந்தது. தலையும் வாலும் பழையனவே. கேட்ட மாத்திரத்தில் 'இது நம் வீட்டிலிருந்து வந்தது' என்ற உணர்வும், 'ஆனால் இது வேறு' என்ற உணர்வும் ஒருங்கே தோன்றின.

1972-இல் எம்.ஜி.ஆர். அதே வழியில் சென்றார். 'அண்ணா' என்னும் ஒரு சொல்லை முன்னே சேர்த்தார். பிற்காலத்தில் 'அனைத்திந்திய' என்பதும் சேர்ந்தது. அதன்பின் மறுமலர்ச்சி என்றும் தேசிய முற்போக்கு என்றும் அம்மா மக்கள் என்றும் அடைமொழிகள் மாறினவேயன்றிக் 'கழகம்' என்னும் ஈற்றுச் சொல் மாறவில்லை. அச்சொல் இப்போது ஏறத்தாழ விகுதியின் தன்மையைப் பெற்றுவிட்டது. பிரிந்து செல்லும் வணிகப் பங்காளிகள் இதனை அறியாமலே பின்பற்றுகின்றனர். அண்ணன் தம்பியர் பிரியும்போது அசல், பழைய, ஒரிஜினல் என்ற அடைகளோடு ஒரே பெயரில் இரு கடைகள் எதிரெதிரே தோன்றுவதை யார்தான் காணவில்லை? அங்குப் பங்கிடப்படுவது சரக்கு அன்று; பெயரின் பகுதி.

பெயரைப் பங்கிடலாம், சின்னத்தைப் பங்கிட இயலாது என்பதையும் அவ்வரலாறே காட்டிற்று. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபின் அவர் கட்சி இரண்டாயிற்று. இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டது. 1989 சட்டமன்றத் தேர்தலில் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் ஜெயலலிதா அணி சேவலிலும் நின்றன. தலைவர்கள் அறிமுகமானவர்கள், கொள்கை ஒன்றே. ஆயினும் இரு அணிகளும் தோற்றன, தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. வாக்குகள் பிரிந்தமை முதன்மைக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தோல்விக்குப் பின் இரு தரப்பும் இணைவதற்கு இலையை மீட்கும் தேவையும் துணைநின்றது. இணைந்ததும் இலை திரும்பக் கிடைத்தது. எழுத்தறியாத வாக்காளர் பலர் வாழ்ந்த நாட்டில், சின்னம் என்பது படிக்கப்படும் சொல். ஒலியின்றிப் படிக்கப்படும் சொல். இலச்சினையை ஆண்டுக்கு ஒருமுறை 'புத்துணர்ச்சிக்காக' மாற்றும் நிறுவனங்கள் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

மலேசியாவில் பிரதமர்கள் ஒவ்வொருவரும் ஒரு முழக்கவரியோடு ஆட்சியைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. 1982-இல் 'பெர்சே, செக்காப், அமானா'. 1991-இல் 'வாவாசான் 2020'. 2009-இல் 'ஒரே மலேசியா'. 2021-இல் 'மலேசியக் குடும்பம்'. 2023-இல் 'மலேசியா மடானி'. இவற்றின் அரசியல் தகுதி குறித்துப் பேசுவது எம் நோக்கமன்று. மொழியளவில் ஒன்றைக் கவனிக்கலாம். வாவாசான் 2020 அதனை அறிவித்தவர் 2003-இல் பதவி விலகிய பின்னும் மக்கள் பேச்சில் வாழ்ந்தது. ஏனெனில் அச்சொல்லுக்குள் ஒரு ஆண்டு இருந்தது. அவ்வாண்டு வரும்வரை அதனைக் கைவிட யாராலும் இயலவில்லை. வந்தபோது ஏளனத்தோடேனும் நினைவுகூர்ந்தனர். 'ஒரே மலேசியா' அவ்வாறன்று. கடை முதல் மருந்தகம் வரை அப்பெயர் தாங்கியிருந்தும், 2018-இல் ஆட்சி மாறியதும் பலகைகளிலிருந்து அகற்றப்படலாயிற்று. ஒருவரோடு மட்டும் பிணைந்த பெயர் அவரோடு சென்றுவிடுகிறது. நிறுவனர் முகத்தையே வணிகக்குறியாக வைத்திருக்கும் குடும்பத் தொழில்களுக்கு இஃது எச்சரிக்கை.

முழக்கவரி தோற்பது ஒரு தொல்லை. வெல்வது வேறொரு தொல்லை. சிங்கப்பூரின் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கம் 1972-இல் 'இரண்டோடு நிறுத்துக' என்ற முழக்கத்தை முன்வைத்தது. ஆணோ பெண்ணோ இரண்டு போதும் என்று சுவரொட்டிகள் கூறின. மகப்பேற்றுக் கட்டணம், பள்ளிச் சேர்க்கை முதலியவற்றில் சலுகைக் குறைப்புகளும் உடன் வந்தன. எழுபதுகளின் நடுப்பகுதியிலேயே கருவள விகிதம் மக்கள்தொகையை ஈடுசெய்யும் அளவை ஒட்டி இறங்கிவிட்டது, 1986-இல் 1.43. மறு ஆண்டே அரசாங்கம் முழக்கத்தைத் திருப்பியது: இயன்றால் மூன்று, அதற்கு மேலும் பெறுக. பயன் நிலைக்கவில்லை; 2023-இல் அவ்விகிதம் 0.97. கல்வி, வேலை, வீட்டுச் செலவு ஆகியவை இவ்வீழ்ச்சிக்குப் பெருங்காரணங்கள். ஒரு சொற்றொடரின்மீது முழுப்பழியும் சுமத்துவது மொழியியலாளரின் தற்பெருமையாகிவிடும். ஆயினும் 'இரண்டு போதும்' என்பது ஒரு தலைமுறையின் பொதுஅறிவாகவே ஆகிவிட்டது என்பதை அக்காலத்தில் வாழ்ந்தவர் மறுக்கமாட்டார். முதல் முழக்கம் குறுகியது, நிபந்தனையற்றது. இரண்டாவதில் 'இயன்றால்' என்னும் நிபந்தனை எச்சம் நுழைந்தது. முழக்கத்தில் 'ஆல்' விகுதி வந்தாலே பாதி வலிமை போய்விடும். 'எங்களிடமே விலை மலிவு' என்று பத்தாண்டு கற்பித்த கடைக்காரர், பதினோராம் ஆண்டில் 'எங்களிடமே தரம் உயர்வு' என்று சொல்ல முயன்றால் என்ன நேரும் என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

பலகையை மாற்றியவர்கள்

வணிக உலகின் பெயர்மாற்றத் தோல்விகளுள் பிரிட்டிஷ் அஞ்சல் நிறுவனத்தினது புகழ்பெற்றது. 2001-இல் அந்நிறுவனம் தன் குழுமத்திற்குக் 'கன்சிக்னியா' என்று பெயரிட்டுக்கொண்டது. சரக்கினை ஒப்படைத்தல் என்ற பொருள்தரும் ஆங்கில வினையிலிருந்து ஆக்கிய புதுச்சொல். நியாயமாக நோக்கினால் நிறுவனம் கூறியதில் தவறில்லை: கடிதம் கொணர்பவர் 'ராயல் மெயில்' ஊழியராகவே இருப்பார், அஞ்சலகங்களின் பெயரும் மாறாது, புதுப்பெயர் மேலுள்ள குழுமத்திற்கு மட்டுமே. ஆனால் பொதுமக்கள் இந்நுண்ணிய வேறுபாட்டை ஏற்கவில்லை. 1635-ஆம் ஆண்டிலிருந்து தம் கடிதங்களைச் சுமந்த சேவையின் பெயரை யாரோ எடுத்துக்கொண்டதாகவே உணர்ந்தனர். அதே காலத்தில் நிறுவனம் பேரிழப்பையும் ஆட்குறைப்பையும் சந்தித்தது. பழைய குற்றங்குறைகள் அனைத்துக்கும் புதுப்பெயர் ஒரு பாத்திரமாயிற்று. வெறுமையான சொல்லாதலின் எதை ஊற்றினாலும் அதில் நிறைந்தது. 2002-இலேயே அது கைவிடப்பட்டு, 'ராயல் மெயில் குழுமம்' என்ற பெயர் வந்தது.

2023 ஜூலையில் 'ட்விட்டர்' 'எக்ஸ்' ஆன நிகழ்வில் வேறொரு நுட்பம் உள்ளது. அந்நிறுவனத்தின் பழைய பெயரிலிருந்து ஒரு வினைச்சொல் பிறந்திருந்தது. ஆங்கில அகராதிகளே ஏற்ற வினை அது. தமிழிலும் 'ட்வீட் செய்தார்' என்றும் 'கீச்சினார்' என்றும் வழங்கினோம். விளம்பரத்தால் விலைக்கு வாங்க முடியாத செல்வம். அதனை உரிமையாளர் ஒரே நாளில் துறந்தார். தமிழ்ச் செய்தித்தாள்களைப் பாருங்கள்: முன்பு 'ட்விட்டரில்' என்று உருபு நேரே ஏறியது. இப்போது பெரும்பாலும் 'எக்ஸ் தளத்தில்' என்றே எழுதுகின்றனர். 'தளம்' என்ற ஊன்றுகோல் இன்றி அப்பெயர் நிற்கத் தயங்குகிறது. வேற்றுமை உருபை இயல்பாக ஏற்கிறதா என்பது தமிழ்ச் சூழலில் ஒரு வணிகப்பெயருக்கு நாம் வைக்கத்தக்க எளிய சோதனை. 'தேக்காவுக்குப் போனேன்' என்பது எவ்வளவு இயல்பாக வருகிறது! 'சூச்சியாவுக்குப் போனேன்' என்று எவரேனும் சொல்லிக் கேட்டதுண்டா?

இதுவரை கூறியவற்றால், மக்கள் வாயில் உள்ளதே சரியான பெயர், அதனைத் தொடாதிருப்பதே அறிவுடைமை என்ற முடிவுக்கு நீங்கள் வந்திருக்கக் கூடும். நாமும் நெடுங்காலம் அவ்வாறே கருதினோம். அக்கருத்தைக் கலைத்தது ஒரு பற்பசை.

1933-இல் ஷாங்ஹாயில் தொடங்கிய ஹாலி அண்ட் ஹேசல் நிறுவனத்தின் பற்பசை நம் வீடுகளில் எல்லாம் இருந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'டார்கி'. கறுப்பினத்தவரை இழிவாகச் சுட்டும் சொல். உறையில் தொப்பியணிந்த கறுப்பு முகம் பற்களைக் காட்டிச் சிரிக்கும். எமக்கும் சிறுவயதில் அதில் குற்றமொன்றும் தோன்றவில்லை. காலையும் மாலையும் அதனால் பல் துலக்கினோம். ஆனால் பள்ளியில் நிறம் மிகுந்த தமிழ்ப் பிள்ளைகளை அப்பற்பசையின் பெயரால் அழைத்துச் சிரித்தவர்கள் இருந்தனர் என்பதும் நினைவில் உள்ளது. கோல்கேட் நிறுவனம் 1985-இல் அதன் பாதிப் பங்குகளை வாங்கியபின் அமெரிக்காவில் எதிர்ப்பு எழுந்தது. 1989-இல் பெயர் 'டார்லி' ஆயிற்று. படமும் இனம் தெளிவாகத் தெரியாத முகமாக மாற்றப்பட்டது.

தொழில்நுணுக்கத்தில் அது மிகத் திறமையான மாற்றம். 'கி' போய் 'லி' வந்தது. எழுத்துருவும் நிறமும் ஒத்திருந்தன. கடையில் கை நீட்டுபவர் தடுமாறவில்லை. தி.மு.க. ஓரெழுத்தை நீக்கியதைப் போன்றே இதுவும். ஆனால் சீனப் பெயர், 'கறுப்பர் பற்பசை' என்று பொருள்படுவது, அப்படியே இருந்தது. ஆங்கிலம் படிப்பவர்க்கு ஒரு பெயர், சீனம் படிப்பவர்க்கு வேறொரு பெயர். பன்மொழிச் சமூகத்தில் வணிகர் எளிதில் செய்யக்கூடிய இரட்டைக் கணக்கு இது. 33 ஆண்டுகள் கழித்து, 2022-இல்தான் சீனப் பெயரும் 'ஹாவ்லாய்' என்று மாறியது. வழக்கில் நிலைத்த பெயர். கோடிக்கணக்கானோர் எத்தீய எண்ணமுமின்றிச் சொன்ன பெயர். எம் சோதனைகள் அனைத்திலும் தேறக்கூடிய பெயர். ஆயினும் அது மாற வேண்டிய பெயரே. பெயரை ஆள்வோர், பெயரை இடுவோர் என்ற இருவரை மட்டும் எண்ணிய எமக்கு, அப்பெயரால் சுட்டப்படுவோர் என்னும் மூன்றாமவர் ஒருவர் உண்டு என்பது அதன்பின்னரே உறைத்தது.

ஆடுகளத்தில்

விளையாட்டைப் பற்றிச் சுருக்கமாகவே கூறுவோம். எம் அறிவு பார்வையாளர் மேடையோடு நிற்பது. 1994-இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற சிங்கப்பூர் அணி அத்தொடரிலிருந்து விலகியது, 1996-இல் எஸ்.லீக் பிறந்தது. கிண்ண ஆட்டங்களுக்குத் திரண்ட கூட்டம் லீக்கிற்கு வரவில்லை. 2018-இல் அது 'சிங்கப்பூர் பிரிமியர் லீக்' ஆயிற்று. காலி இருக்கைகளைப் பெயர் நிரப்பாது. மாறாக, 2020-இல் ஹோம் யுனைடெட் குழுவைத் தனியார் நிறுவனம் ஒன்று ஏற்று 'லயன் சிட்டி செய்லர்ஸ்' என்று மாற்றியபோது, பெயரோடு பயிற்சியும் பணமும் ஆட்டக்காரர்களும் மாறினர். மறு ஆண்டு லீக்கை வென்றனர். புதுப்பெயருக்கு உண்மையான புதுமை ஒன்று பின்னணியில் இருந்தால் மக்கள் அதனைக் கற்றுக்கொள்ள மறுப்பதில்லை.

கிரிக்கெட் இதனை இன்னும் கூர்மையாகக் காட்டும். சென்னை சூப்பர் கிங்ஸ் 2016, 2017 ஆகிய இரு பருவங்களில் தடை செய்யப்பட்டது. அணியே இல்லாத அவ்விரு ஆண்டுகளிலும் மஞ்சள் சட்டைகள் அலமாரியில் காத்திருந்தன. 2018-இல் அணி திரும்பியது. காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டத்தோடு நிறுத்தி, எஞ்சிய உள்ளூர் ஆட்டங்களைப் புனேயில் ஆடவேண்டியதாயிற்று. ரசிகர்கள் தனி ரயிலில் அங்கும் சென்றனர். அப்பருவத்தில் கோப்பையும் வந்தது. தடைக்காலத்தில் அதே தோனி ஆடிய புனே அணியோ முதலாண்டில் 'சூப்பர்ஜயண்ட்ஸ்' என்றும் மறு ஆண்டில் 'சூப்பர்ஜயண்ட்' என்றும் பெயர் கொண்டிருந்தது. பன்மை விகுதியை நீக்கினர். இறுதியாட்டம் வரை சென்றனர். இன்று அப்பெயரை நினைவுகூர வினாடி வினா நடத்த வேண்டியுள்ளது. தலைவரை இடம்பெயர்க்கலாம், பெயரின் வேரை இடம்பெயர்ப்பது எளிதன்று.

மாணவரின் கடைக்கு வருவோம். அவரிடம் நாம் ஒன்றே சொன்னோம்: ஒரு மாதம் குறிப்பேடு ஒன்றைத் தொலைபேசிக்கு அருகில் வையுங்கள், அழைப்பவர்கள் கடையை எப்பெயரால் அழைக்கிறார்கள் என்று எழுதுங்கள். மாத முடிவில் அவர் குறிப்பேட்டோடு வந்தார். எல்லாப் பக்கத்திலும் 'வாளிக் கடை'. இடையிடையே 'கெடாய் பால்டி'. எம் நான்கு சொற்பெயரைச் சொன்னவர்கள் வங்கியும் வரித்துறையும் மட்டுமே. வாளிகளைத் தொங்கவிடுவதை நிறுத்திப் பதினைந்து ஆண்டுகள் ஆயின என்றும் அவர் கூறினார். காரணம் போயிற்று; பெயர் இடுகுறியாகி நின்றது. நன்னூலார் கண்டால் மகிழ்ந்திருப்பார். "அதையே பலகையில் எழுதிவிடுங்கள்" என்று நாம் உற்சாகத்தோடு சொன்னோம்.

அவர் தயங்கினார். "அம்மாவுக்குப் பிடிக்கலை சார்" என்றார். பிறகு ஒருநாள் அவ்வம்மையாரையே கண்டோம். எண்பதைக் கடந்தவர், குரலில் தளர்ச்சியில்லை. "வாளிக் கடைக்காரன் பொண்டாட்டின்னுதான் நாப்பது வருஷம் என்னைச் சொன்னாங்க, தம்பி. வாளி வித்தா மட்டமா? ஆனா அந்தச் சொல்ல எப்படிச் சொன்னாங்கன்னு எனக்குத்தான் தெரியும். அதுக்குத்தானே அவர் உங்களத் தேடி வந்து நல்ல பேர் கேட்டாரு."

குறிப்பேட்டில் சொல் மட்டுமே இருந்தது, குரல் இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் அப்பெரியவர் எதற்காக எம் வாயிலுக்கு வந்தார் என்பது அன்றுதான் எமக்கு விளங்கிற்று. மகனுக்கோ அது வேறு சொல். சிறுவயதில் பள்ளித் தோழர்கள் மிட்டாய்க்கு ஓடிவந்த இடத்தின் பெயர். தாயும் மகனும் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றனர். கடையின் உட்புறம் புதுப்பித்தாயிற்று, இணையவழி விற்பனையும் தொடங்கியாயிற்று. முகப்பில் எம் பழைய பலகையே தொங்குகிறது; நான்காம் சொல்லின் கடைசி எழுத்து உதிர்ந்துவிட்டது.